சோபாவில் உட்கார்ந்தவளைக் கிடங்குக்கு அனுப்பிய வழக்கு

வீட்டில் தோற்றாலும் கோர்ட்டில் ஜெயிக்கிற என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் அத்தானும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டும். நான் மட்டும் சுகமில்லை. ஒரு கேஸ் போட வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாக நான் சோபா விற்கிற விதம் உனக்குத் தெரியும். வந்தவர்கள் "தாங்குமா?" என்று இழுத்தால் நான் வாயே திறக்கமாட்டேன், பொத்தென்று உட்கார்ந்து காட்டுவேன். என் தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு முனகாத சோபாவை யார் வேண்டாமென்பார்கள்? புதிதாக வந்திருக்கிற மேனேஜர், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார், போன வாரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடைக்குன்னு ஒரு தோற்றம் இருக்கும்மா, நீங்க பின்னாடி கிடங்கைப் பாத்துக்குங்க" என்றார். "நீங்க சோபா விக்கறீங்களா, என்னை விக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு என்ன, கிடங்கில் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பெட்டிக்குள் கண்ணாடி மேஜை இருந்திருக்கிறது, அதற்கும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். உடனே உனக்குப் போன் போட்டால் நீ கோர்ட்டில். உன் ஜூனியர் பெண் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மதம் இருக்கு, ஜாதி இருக்கு, ஆணா பெண்ணாங்கறது இருக்கு, எடைன்னு தனியா ஒண்ணும் காணோங்க்கா, வேற வழியில இழுத்துத்தான் வாதாடணும்" என்கிறாள். ஏன்டா, நாலு அலமாரி முட்டப் புத்தகம் வச்சிருக்கீங்களே, குண்டா இருக்கறவங்களுக்குன்னு ஒரு வரி எழுத எவனுக்கும் கை வரலியா? திறமையைப் பாக்காம உடம்பைப் பாத்து ஒருத்தியை ஒதுக்கறது அநியாயம்டா! கடையின் முன்கூடம் என் இடம், அதை விடமாட்டேன். நீ எப்படியாவது இழுத்து வாதாடு.

உன் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டு, யார் பார்வைக்கும் கூசாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
கிடங்கில் கிடக்கும் உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மேனேஜரே கிடங்குக்கு ஓடி வந்தார். ஒரு வாரமாக அவரே உட்கார்ந்து காட்டியும் ஒரு நாற்காலிகூடப் போகவில்லையாம். "நீங்க உக்காந்தா எங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று ஓர் அம்மா சிரித்துவிட்டுப் போனாராம். நான் முன்கூடத்துக்குத் திரும்பியாச்சு. துணைக்கு ஓர் ஆளையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்று ஒருத்தி வந்தாள். நல்ல படிப்பு, நல்ல பேச்சு, ஆனால் ஊதினால் பறந்துவிடுவாள். "உன்னை யாரும்மா நம்புவா? கொஞ்சம் சதை போட்டுட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். "இது சட்டப்படி தப்பு, வக்கீலைப் பாக்கறேன்" என்று விறுவிறுவெனக் கிளம்பிவிட்டாள். உன் போர்டைப் பார்த்து உள்ளே வந்தால், எடைன்னு சட்டத்துல ஒண்ணுமே இல்லைன்னு உன் ஜூனியரை விட்டுச் சொல்லி அனுப்பிடு.