குடைக்கு எப்போது ஊசி போட்டார்கள்?

மண்டபத்து வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. மூளையையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்களோ என்னவோ.

உள்ளே தொட்டி வைத்தியர். சளிக்காய்ச்சலுக்குப் போட்ட தடுப்பூசி விஷமாகி, குடலில் போய்த் தங்கிவிடுகிறதாம். அவருடைய தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, காலை வைத்து, பொத்தானைத் தட்டினால் அத்தனையும் உள்ளங்கால் வழியே இறங்கிவிடுமாம். தண்ணீர் பழுப்பாக மாறியதும் கூட்டம் வாய்பிளந்தது. தோளில் போட்ட ஊசி குடலுக்கு ஏன் போனது, காலுக்கு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. விஷத்துக்கு வழி தெரியாமலா இருக்கும்!

தையல்காரியை அங்கே இழுத்து வந்தது அவளுடைய நாத்தனார். தையல்காரிக்குக் குடல் அழற்சி. எங்கே போனாலும் ஆட்களைப் பார்ப்பதற்கு முன் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வாள். இருமல் என்றால் ஊரே நலம் விசாரிக்கும். குடல் என்றால் பேச்சை மாற்றும். அந்த வெட்கம் நோயைவிட அதிகமாக அரித்தது. மாத்திரை இல்லாத வாழ்வை யாராவது காட்டமாட்டார்களா என்ற ஆசை, அறிவு தூங்கும் நேரமெல்லாம் விழித்திருந்தது.

டாக்டரம்மா இந்த வருடத்து ஊசிக்கு மறுநாள் வரச் சொல்லியிருந்தார். மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்குவதால் அவளுக்குத்தான் ஊசி முக்கியமாம். அதனால் குடல் இன்னும் கெடாதா என்று கேட்டதற்கு, இதே நோய் உள்ளவர்களில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்துவிட்டார்கள், போட்டவர்களுக்கு நோய் கூடவில்லை என்றார். "ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சான்னு தெரியணும்னா, அது இல்லாமலும் பார்க்கணும்மா."

வைத்தியர் பக்கத்தில் ஒரு வாளி. மாத்திரைகளை அதில் போட்டால்தான் தொட்டி வேலை செய்யுமாம். அவளும் தன் மாத்திரை அட்டையைப் போட்டாள். நாத்தனார் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

கால்களைத் தொட்டியில் வைத்ததும் தொட்டி மறைய ஒரு துண்டைப் போர்த்தினார்கள். வைத்தியர் பொத்தானைத் தட்டிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்திடம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வயிறு பிசைந்தது. யாருக்காகவும் காத்திருக்கும் வயிறு இல்லை அது. துண்டைத் தொட்டிமேல் போட்டுவிட்டு ஓடினாள். முன்வரிசை முழுவதும் பார்த்தது. பார்த்ததை ஒரு அறையிலும் நம்பியதை இன்னொரு அறையிலும் வைத்துக்கொள்ளும் மண்டைகள் அவை.

அவள் திரும்பி வந்தபோது வைத்தியர் கூட்டத்தைப் பார்த்தபடியே துண்டை விலக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் பழுப்பு, மேலே நுரை.

"பழுப்பு போன வருஷ ஊசி. நுரை குடல் அழுக்கு. அத்தனையும் இந்தம்மா உடம்புல இருந்தது."

"நான் கழிவறையில இருந்தேங்க," என்றாள் தையல்காரி.

வைத்தியர் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலி. ஆனால் அசரவில்லை. கால் பட்ட ஒரு நொடியே போதும், பிறகு விஷம் தானாக வரும் என்றார். கை தட்டினார்கள்.

"பேசாம உட்காரு. மானத்தை வாங்காதே," என்றாள் நாத்தனார்.

மானம். இத்தனை காலம் அதைத்தானே பொத்திப் பொத்திக் காத்தாள்? கழிவறை என்று ஊர் முன்னால் சொன்ன பிறகு காக்க என்ன மிச்சம்? ஆச்சரியம், உடம்பு லேசாக இருந்தது. இல்லாமலும் பார்க்கணும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, உங்க குடையைக் கொடுங்க. புதுத் தண்ணி ஊத்தி இதை வச்சுப் பார்ப்போம்."

இயந்திரம் களைத்துவிட்டது என்றார் வைத்தியர். தம்பி மனைவி தோற்பதைப் பார்க்கும் ஆவலில் நாத்தனாரே தண்ணீர் பிடித்து வந்து, உப்பும் போட்டாள். குடையை வைத்தார்கள். தையல்காரி பொத்தானைத் தட்டினாள். உள்ளேயிருந்த இரும்புத் தகடுகளைச் சுற்றிக் குமிழி கிளம்பியது. தண்ணீர் மெல்லப் பழுப்பானது, நுரையும் மிதந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து கரைந்த இரும்பின் துரு, அவ்வளவுதான்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து வைத்தியரைப் பார்த்தாள்.

"ஏங்க, என் குடைக்கு எப்பங்க ஊசி போட்டாங்க?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வைத்தியர் கழிவறைப் பக்கமாக ஓடினார். அந்த வேகத்தில் அந்தப் பக்கம் ஓடுவது தான் மட்டுமே என்று தையல்காரி அதுவரை நினைத்திருந்தாள்.

கூட்டம் வாளியில் தத்தம் மாத்திரையைத் தேடியது. அவளும் தன் அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஊசி போடப் போறப்ப நானும் வரேன்," என்றாள் நாத்தனார்.

"குடையும் வருதா அண்ணி?"

வாசலில் அவரவர் செருப்பைக் கவனமாகப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். கூடவே கழற்றி வைத்த இன்னொன்றையும் எடுத்து மாட்டிக்கொண்டால் நல்லது. நோயாளியின் குடல் கேட்ட கேள்வியை நல்ல நிலையில் இருக்கிற மூளை கேட்கக் கூடாதா?