தூள் பெட்டியில் டிக்ஷனரி

சல்லடை அக்காவைப் போல அடாவடியான ஒரு நூலகரை மலேசியா இதுவரை பெற்றதில்லை, இனியும் பெறப்போவதில்லை. அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஏ எது, பி எது என்றுகூடத் தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது!

எழுபதுகளின் கடைசி. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆங்கில ஆசிரியர். ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார துரையின் மனைவி தன் புத்தகங்களைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பள்ளியில் வைத்தால் பனியில் பூஞ்சை பிடித்துவிடும். தோட்டத்திலேயே ஈரமில்லாத இடம் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறைதான். அங்கே அலமாரியைப் போட்டோம். அந்த அறையில் புருவம் முழுக்கத் தேயிலைத் தூளோடு அதிகாரம் செய்துகொண்டிருந்தவர்தான் சல்லடை அக்கா.

இரண்டு வாரம் முதுகொடியப் புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டி, எழுதியவர் பெயர் வரிசையில் அடுக்கினேன். அந்த வரிசையில் தேடி எடுக்கப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அலமாரி காலி! கீழே மூன்று தேயிலைப் பெட்டிகள்.

“என்னக்கா இது அநியாயம்?”

“பெரிய இலை, ஒடைசல், தூளு. தரம் பிரிச்சிட்டேன் சார்.”

“புஸ்தகத்துக்கு ஏதுக்கா தரம்?”

“பக்கத்தப் பாத்தா தெரியாதா? வார்த்தை நீள நீளமா இருந்தா பெரிய இலை. குட்டி குட்டியா இருந்தா தூளு. இதுகூடவா காலேஜ்ல சொல்லித் தரல?”

டிக்ஷனரியும் தூள் பெட்டியில் கிடந்தது! கேட்டால், “துண்டு துண்டா கெடக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்ல லா” என்றார்.

நான் திரும்ப அடுக்குவேன், அவர் திரும்பப் பிரிப்பார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் புகார் கொடுத்தேன். “அந்தம்மா சொன்னா மெஷினே கேக்குது, நீங்க என்னா சார்!” என்று டீயை உறிஞ்சினார்.

அதோடு விட்டாரா? பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, திக்குகிறார்களா என்று காதைத் தீட்டிக் கேட்டு, அவர்களையும் பெட்டிவாரியாகப் பிரித்துவிட்டார். முனியாண்டிக்குத் தூள் பெட்டி. அவனுடைய அப்பா தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பாய்ந்து வந்தார்.

“எம்மவன் என்னா குப்பையா?”

“தூளுக்குத்தாண்ணே சீக்கிரமா சாயம் எறங்கும்” என்றார் அக்கா, சல்லடையை நிறுத்தாமலே.

பிறகு பள்ளி ஆய்வாளர் வரும் சேதி வந்தது. என் வேலை நிரந்தரமாவதும், நான் மூட்டை கட்டுவதும் அவர் எழுதப்போகும் அறிக்கையில்தான் இருந்தது. முதல் நாளே எல்லாவற்றையும் வரிசைப்படி அடுக்கிவைத்து, “இதுல கை வெச்சீங்க, அப்புறம் நடக்குறதே வேற!” என்று அக்காவை மிரட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆய்வாளரோடும் பிள்ளைகளோடும் உள்ளே நுழைகிறேன், மூன்று பெட்டிகள்! எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா துடைப்பத்தோடு ஓரமாக நின்று சிரித்தார்.

ஆளுக்கொரு புத்தகம் எடுத்து வாசிக்கச் சொன்னார் ஆய்வாளர். பிள்ளைகள் நேராக அவரவர் பெட்டிக்குப் போனார்கள். ஒருவரும் தடுமாறவில்லை. வகுப்பில் வாயே திறக்காத முனியாண்டி ஒரு பக்கம் முழுக்க வாசித்துவிட்டு, “இன்னொண்ணு வாசிக்கவா சார்?” என்று கேட்டான்.

ஆய்வாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாசிக்கும் திறனுக்கு ஏற்றபடி பிரித்திருக்கிறீர்களே, அற்புதம்! யாருடைய யோசனை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என்னுடையதுதான்” என்றேன், நானும் ஆங்கிலத்தில்.

அவர் போனதும் அக்கா ஓடி வந்தார். “என்னா சார் சொன்னாரு?”

“எடம் சுத்தமா இருக்குன்னாருக்கா.”

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “காலையிலேருந்து மூணு தடவ கூட்டுனேன் சார்!”

என் வேலை நிரந்தரமாகி, இப்போது ஓய்வூதியமும் வாங்குகிறேன். இத்தனை வருடம் அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்தேனே, திட்டவேண்டிய ஆள் நான் அல்லவா!

அக்கா, அன்றைக்கு அவர் உங்களைத்தான் பாராட்டினார்.