பத்திரமா எடுத்து வெச்ச கவசம்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற அஞ்சு ஆம்பளைங்களுக்கு இரும்புச் சட்டை செஞ்சு மாட்டி விடணும்.

சிரிக்காதீங்க. இதுல என் தையல் மிஷினோட எதிர்காலமே இருந்துச்சு.

மேற்கு மாம்பலத்துல எங்க வீட்டு ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல். வெளிச்சம் வர்ற அந்த இடத்துல நியாயமா என் மிஷின்தான் இருக்கணும். ஆனா அங்க உக்காந்திருக்கறது எங்க வீட்டுக்காரரோட கம்ப்யூட்டர். மிஷின் சமையல்கட்டு வாசல்ல, போறவங்க வர்றவங்க முட்டியில இடிச்சுக்கறதுக்காகக் கிடக்குது. கறுப்பு ஜாக்கெட்டுக்குக் கறுப்பு நூல் ஓட்டினா, ஊசி எங்க போகுதுன்னு அந்த ஊசிக்கே தெரியாது.

அவருக்கு தி.நகர்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில வேலை. கழிச்சுப் போட்ட பாகங்களையெல்லாம் சேர்த்து ஒண்ணு உருவாக்கிக் கொண்டுவந்தார். நல்ல காரியத்துக்கு உபயோகப்படும்னு நினைச்சேன். ஒரு விளையாட்டு சிடியைப் போட்டார். அவ்வளவுதான், மனுஷன் காணாமப் போயிட்டார்.

விளையாட்டு என்னன்னா, மலையைக் குடைஞ்சு ஒரு ஊரு. அதுல குள்ளக் குள்ளமா ஆளுங்க. ஒருத்தன் சுரங்கம் வெட்டுறான், ஒருத்தி சமைக்கிறா, ஒருத்தன் பட்டறையில இரும்பு அடிக்கிறான். அப்பப்ப பன்னிமூஞ்சிக் கூட்டம் ஒண்ணு கொள்ளையடிக்க வரும். ஊரைக் காக்க அஞ்சு காவல்காரங்க.

"ஒரு ஊரையே நிர்வாகம் பண்றேன் தெரியுமா?"ன்னார் அவர்.

"இந்த வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்கி வெச்சதில்லை, ஊர் நிர்வாகமா? நான் கிராமத்துல பொறந்தவ. என்கிட்ட ஒரு பகல் விட்டுப் பாருங்க, இந்தப் பொம்மை விளையாட்டை!"

அவருக்கு ரோஷம் வந்துடுச்சு. "சரி! இன்னிக்கு அந்தக் கூட்டம் வரும். நான் சாயங்காலம் வர்றப்ப அஞ்சு பேரும் உயிரோட இருந்தா ஜன்னலை நீயே எடுத்துக்கோ. இல்லேன்னா பொம்மை விளையாட்டுங்கற பேச்சே இருக்கக் கூடாது, ஜன்னல் பேச்சும் இருக்கக் கூடாது."

செருப்பை மாட்டிக்கிட்டே சொல்லிக் குடுத்தார். "இரும்பை வெட்டச் சொல்லு, உருக்கச் சொல்லு. கொல்லன் கவசம் அடிப்பான். அதை ஒவ்வொருத்தனுக்கும் நீதான் மாட்டி விடணும். தானா மாட்டிக்க மாட்டானுங்க."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. இதுல என்ன புதுசா நிர்வாகம் இருக்கு? இவருக்குத் தினம் காலையில பனியன் எடுத்துக் குடுக்கறது யாரு?

ரெண்டாங்கிளாஸ் படிக்கிற எங்க பொண்ணு பிரியா அப்பா கையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "அம்மா, மேகமா இருக்கு. ரெயின்கோட்?"

"அதெல்லாம் வேணாம், போடி. புதுசு."

ரெண்டு பேரும் கிளம்பினாங்க. நான் உலையை வெச்சுட்டு மவுஸைப் புடிச்சேன்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை மடமடன்னு நடந்துச்சு. கொல்லன் டங்கு டங்குன்னு அடிச்சுத் தள்ளினான். ஒவ்வொருத்தனையா தொட்டு, கவசத்தைத் தொட்டு, அஞ்சு பேருக்கும் மாட்டி விட்டேன். பளபளன்னு மாப்பிள்ளைங்க மாதிரி நின்னானுங்க.

கீழ் வீட்டு வசந்தா அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாங்க. "இன்னா தங்கச்சி, டிவில கொசு ஓடிக்கினு கீது?"

"கொசு இல்லக்கா, ஆளுங்க. எடுத்து மாட்டினாத்தான் சட்டையே போடுவானுங்களாம்."

"எங்கூட்டு ஆளு இதுக்குள்ள எப்டி போனாரு?"ன்னு உத்துப் பார்த்தாங்க.

அப்பத்தான் நான் ஒண்ணைக் கவனிச்சேன். ஒவ்வொரு கவசத்துக்கும் பக்கத்துல ஒரு பச்சைக் கோடு. அது குறைஞ்சுக்கிட்டே வருது. போடப் போட கவசம் தேயுதாம்! இந்தத் தடியன் புத்தம்புதுக் கவசத்தைப் போட்டுக்கிட்டு விறகு வெட்டுறான். இன்னொருத்தன் அதோடவே தரையில படுத்துத் தூங்குறான்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. "பாருங்கக்கா, புதுசுன்னு கொஞ்சமாவது மதிப்பு இருக்கா?"

"கய்ட்டி வெய்யி தங்கச்சி. சண்டைனு வந்தா போட்டுக்கினு போவட்டும்"னுட்டு அக்கா கறிவேப்பிலையோட போயிட்டாங்க.

அதானே! கழட்டினேன். அஞ்சையும் கழட்டினேன். மலைக்கு அடியில ஆழமா ஒரு கிடங்கு இருந்துச்சு. ஈரம் படாது, தூசி படாது. அங்க கொண்டுபோய் அடுக்கச் சொன்னேன். கொல்லனை நிறுத்த மனசு வரலை, இன்னும் அடின்னு விட்டேன். கிடங்கு நிறைய கவசம். பச்சைக் கோடு ஒண்ணுகூடக் குறையலை. பட்டுப் புடவை அடுக்கின பீரோவைத் திறந்து பார்த்தா ஒரு நிம்மதி வருமே, அது வந்துச்சு.

ஜன்னலோரத்துல மிஷினை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம்னு அளந்துகூடப் பார்த்துட்டேன்.

ரசத்துக்குத் தாளிக்கறப்ப கொம்பு ஊதுற சத்தம். கரண்டியோட ஓடினேன். பன்னிமூஞ்சிங்க வாசல்ல நிக்குது!

"எல்லாரும் போய்க் கவசம் மாட்டுங்கடா!"ன்னு ஒவ்வொருத்தனையா அமுக்கினேன்.

கிளம்பினானுங்க. ஓடலை, நடந்தானுங்க! கல்யாண வீட்டுல ரெண்டாவது பந்திக்குப் போற மாதிரி. கிடங்கு நான் சொன்ன மாதிரியே ரொம்ப ஆழம். ஒருத்தன் பாதி வழியில பசிக்குதுன்னு சாப்பிட உக்காந்துட்டான். இன்னொருத்தன் குறுகலான படியில எதிர்ல வந்த கொல்லனுக்கு வழி விட்டுக்கிட்டு நிக்கிறான். என்ன மரியாதை, என்ன மரியாதை!

பதட்டத்துல நான் தப்பான ஆளைத் தொட்டு, பட்டறையில அப்பத்தான் அடிச்சு முடிச்ச கவசத்தைச் சமையல்காரிக்கு மாட்டிட்டேன்.

தினம் போற கரண்ட் இப்பவாவது போகக் கூடாதான்னு மாரியாத்தாவை வேண்டிக்கிட்டேன். லைட்டு நல்லா பளிச்சுன்னு எரிஞ்சுது.

அஞ்சு பேரும் வெறும் மேலோட செத்தானுங்க. ரசமும் பொங்கி அடுப்பை அணைச்சிருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் கொடுமை. அந்தப் பன்னிமூஞ்சிங்க நேரா கிடங்குக்குப் போய், நான் பத்திரமா அடுக்கி வெச்சதை ஒண்ணொண்ணா எடுத்து அங்கயே மாட்டிக்கிச்சுங்க. தையக்காரி கண்ணு சொல்லுது, அளவெடுத்து அடிச்ச மாதிரி அப்படிப் பொருந்துச்சு! கவசத்தைப் பார்த்ததும் போட்டுக்கணும்னு அந்த ஊர்லயே அதுங்களுக்குத்தான் புத்தி இருந்துச்சு.

உயிரோட மிஞ்சினது சமையல்காரி மட்டும். கவசத்தோட கிழங்கு வேக வெச்சுக்கிட்டிருந்தா.

சாயங்காலம் கொட்டுற மழையில அப்பாவும் பொண்ணும் சொட்டச் சொட்ட வந்து நின்னாங்க. தலையைக்கூடத் துவட்டாம அவர் நேரா திரையைப் பார்த்தார்.

"கவசம் செய்யலையா?"

"கிடங்கு நிறைய செஞ்சேன்."

"அப்புறம் எப்படிச் செத்தானுங்க?"

"கழட்டி வெச்சிருந்தேன்."

"ஏன்?"

"போட்டா தேயுதுங்க."

அவர் அடுக்கு அடுக்கா தும்மின பிரியாவுக்குத் துண்டு எடுக்க பீரோவைத் திறந்தார். துண்டோட சேர்ந்து பிரியாவோட புது ரெயின்கோட் கீழ விழுந்துச்சு. கடையில போட்ட கவர்கூடப் பிரிக்காம.

"இது ஏன் இங்க இருக்கு?"

"மழையில நனைஞ்சா வீணாப் போயிடும்னு…"

சொல்லி முடிக்கறதுக்குள்ளயே எனக்கு என் பேச்சு காதுல விழுந்துடுச்சு. அவர் குடைஞ்சு கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. தரையில உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். எதுக்குன்னு தெரியாமலே பிரியாவும் சிரிச்சா.

மிஷின் இன்னும் சமையல்கட்டு வாசல்லதான் இருக்கு.

மறுநாள் விடிஞ்சதும் முதல் வேலையா கவரைக் கிழிச்சு, பிரியாவுக்கு ரெயின்கோட்டை மாட்டி, எல்லாப் பட்டனையும் போட்டு, கழட்டவே கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன்.

அன்னிக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு.