வேட்டைக் கொம்பு ஊதித்தான் தாலி ஏறும்

கால்சா, பலெர்மோ
12.03.1996

பெருமதிப்புக்குரிய சிவபாலன் மாமாவுக்கு,

மருமகன் கோபாலசிங்கம் எழுதுவது. இங்கே நான், மனைவி சறோஜா, தங்கை துசானி மூவரும் சுகம். லண்டன் குளிரில் உங்கள் முழங்கால் வலியும் மாமியின் கோபமும் தணிந்திருக்க முருகன் துணை நிற்பானாக. நிற்க.

உங்கள் கடிதம் கிடைத்தது. துசானிக்குத் தாலி கட்டும் நேரம் நான் வேட்டைக் கொம்பு ஊதக் கூடாது என்றும், ஊதினால் மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். மண்டப வாசல் எந்தப் பக்கம் என்று நானே காட்டிவிடுகிறேன். இது மாப்பிள்ளையின் தாய் நாகபூசணி அம்மாவின் வேலை என்று எனக்குத் தெரியும். ஜேர்மனியிலிருந்து பெண் பார்க்க வந்தவர் எங்கள் வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் வந்தார். தீபம் காட்டும்போது நான் கொம்பை ஊத, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இதென்ன தம்பி, சாமி கும்பிடுறியளோ, காட்டுப்பண்டி கலைக்கிறியளோ?" என்று கேட்டார். விருந்தாளி என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது திறக்கிறேன்.

அந்தக் கொம்பு சும்மா கொம்பில்லை, மாமா. அது பொஸ்கோவெந்தோ கொம்பனியின் கொம்பு. வேட்டைச் சாமான்களைத் தபாலில் விற்ற வடக்கு இத்தாலிக் கொம்பனி. நான் பராமரிக்கும் சட்டத்தரணிக் கிழவர் ஒருகாலத்தில் பெரிய வேட்டைக்காரர். இப்போது கட்டிலிலிருந்து கதிரைக்கு வருவதே அவருக்கு வேட்டை. ஆனாலும் அவர்களுடைய படப்புத்தகம் பருவம் தவறாமல் வரும், நாங்கள் இருவரும் கோப்பியும் கையுமாகப் பக்கம் பக்கமாகப் பார்ப்போம். நான் இத்தாலி பாஷை படித்ததே அதில்தான். அதனால் வந்த புதிதில் எனக்குக் காட்டுப்பன்றி, தோட்டாப் பை, சேற்றுச் சப்பாத்து எல்லாவற்றுக்கும் சொல் தெரியும், வாடகைக்கும் தலையிடிக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் துணிந்து எனக்கென்று ஒரு ஜாக்கெட்டுக்கு எழுதிப்போட்டேன். சுட்ட முயலை வைக்க முதுகுப்பக்கம் பெரிய பை வைத்த ஜாக்கெட். நான் மூட்டைப்பூச்சியைத் தவிர எதையும் கொன்றதில்லை, ஆகவே கபோ சந்தையில் வாங்கும் கத்தரிக்காயை அதில் போட்டுக்கொண்டு வருவேன். எந்த மழையிலும் நானும் நனைந்ததில்லை, கத்தரிக்காயும் நனைந்ததில்லை. "பின்னாலை பாத்தால் கூனல் விழுந்த மாதிரிக் கிடக்கு" என்று நையாண்டி பண்ணிய சறோஜாவே, அடுத்த மாரிக்குத் தனக்கும் ஒன்று எடுப்பித்தாள்.

ஜாக்கெட்டை விடுங்கள். இந்த ஊரில் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு வரிசையில் நின்றால் நான் ஓர் இலக்கம். பஸ்ஸில் நான் "ஏய்". பொஸ்கோவெந்தோ ஒன்றுதான் என் பெயரை ஓர் எழுத்தும் குறைக்காமல் அடித்து, "மதிப்புக்குரிய வேட்டைத் தோழர் கோபாலசிங்கம் அவர்களே" என்று எழுதியது. காற்சட்டை பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன், மன்னிப்புக் கேட்டு அளவானதை அனுப்பினார்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்ட முதல் வெள்ளைக்காரர்கள் அவர்கள்தான். போன மாரியோடு அந்தக் கொம்பனியை இழுத்து மூடிவிட்டார்கள். செய்தி வந்த அன்று கிழவரும் நானும் கோப்பி குடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

கொம்புக்கு வருகிறேன். இங்கே பூசைக்கு ஒரு சங்கு கிடையாது, யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பிக்கச் சண்டை விடாது. அவர்களுடைய படப்புத்தகத்தில் இரண்டு கொம்பு இருந்தது. ஒன்று மாட்டுக்கொம்பு, மற்றது பித்தளை. சைவமாக இருக்கட்டும் என்று பித்தளையை எடுத்தேன். முதல் வெள்ளி ஊதியவுடன் கால்சாவில் உள்ள வேட்டை நாய்கள் எல்லாம் எங்கள் வாசலில் வந்து நின்றது உண்மை, அதில் ஒன்று சர்க்கரைப் பொங்கலை நக்கியதும் உண்மை. வைரவரின் வாகனம் பூசைக்கு வருவது குற்றமா? வேடர் வீட்டில் பெண்ணெடுத்த முருகனுக்கு முன்னால் வேட்டைக் கொம்பு ஊதாமல் வேறென்ன ஊதுவது? இதை நாகபூசணி அம்மாவுக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கள்.

முடிவாகச் சொல்கிறேன். ஸ்ஃபெர்ராகவால்லோ மண்டபத்தில் தாலி ஏறும்போது, வேட்டிக்கு மேல் அந்த ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு நான் கொம்பு ஊதுவேன். கெட்டிமேளக் கசெற் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை லண்டனிலேயே போட்டுக் கேளுங்கள். ஐயாவும் அம்மாவும் ஊரைவிட்டு வர வழியில்லாத கலியாணத்தில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

மாமிக்கு எங்கள் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் வேண்டும், ஆலோசனை வேண்டாம்.

இப்படிக்கு,
அடங்காத மருமகன்
கோபாலசிங்கம்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதைத் துசானிக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "எல்லாம் சரி அண்ணை, ஐயாவுக்குப் பதிலாய் என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கிறது நீங்கள் எல்லே? நீங்கள் கொம்போடை நிண்டால் எனக்குப் பக்கத்திலை ஆர் நிக்கிறது?" என்று கேட்டாள். இதை நான் யோசிக்கவே இல்லை, மாமா. கசெற்றைக் கொண்டுவாருங்கள். தாலி ஏறும்போது சத்தத்தை நன்றாகக் கூட்டிவிடுங்கள், நான் அழுவது மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்கக் கூடாது.