மச்சான் அனுப்பிய இரும்பு

சேசு மரி சூசை

கட்டுக்கலை, கண்டி.
1934 மே 26, சனிக்கிழமை.

மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கிளறன்ஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை றீற்றாவின் புருஷன் வலன்ரைன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கொழும்பில் தாங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் அந்தோனியார் காவலில் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. றீற்றா சுகம். கோழிகள் சுகம். என் சுகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

தாங்கள் அனுப்பிய இரும்பு வருகிற வாரம் கூட்ஸ் வண்டியில் திரும்பி வரும். மருதானை ஸ்டேஷனில் பெற்றுக்கொள்ளவும். கோபத்தில் அனுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் வேலை பார்க்கும் கந்தோரில் உடைந்த சாமானைத் திருப்பும்போது, ஏன் திருப்புகிறோம் என்று காரணம் எழுதி அனுப்புவது வழக்கம். இங்கே சாமான் உடையவில்லை, மற்றவைதான் உடைந்தன. ஆனாலும் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

போன வருஷத் திருநாளில் நடந்ததைத் தாங்களே கண்ணால் கண்டீர்கள். என் அப்பா இருந்தவரை ஊர்வலத்தில் அந்தோனியாரின் சொரூபக் கூட்டைத் தூக்கும் முன்தண்டு அவர் தோளில்தான். அவர் போன பிறகு அந்த இடம் எனக்கு வந்தது. தோள் மட்டும் வரவில்லை. கோயில் ஏற்றத்தில் என் முழங்கால் நடுங்கி, கூடு என் பக்கமாய்ச் சரிந்து, சொரூபத்தின் கையிலிருந்த லீலிப்பூ கழன்று பாண்டுக்காரருடைய பெரிய குழலுக்குள் விழுந்தது. அவர் ஊதினார், பூ வெளியே வந்தது, சனம் சிரித்தது. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு தாங்கள் என் புஜத்தை அமுக்கிப் பார்த்து, "மச்சான், இது கையில்ல, பேனாக்கட்ட" என்று சொன்னீர்கள். சொன்னதோடு விடாமல் கொழும்புக்குப் போய், இரண்டு முனையிலும் குண்டு கோத்த சீமை இரும்புக் கம்பி ஒன்றையும், வீட்டிலேயே இருந்து பலசாலியாவது எப்படி என்று ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் பெட்டியில் அடைத்து அனுப்பினீர்கள். அந்த நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் வீட்டின் அமைப்பு தங்களுக்குத் தெரியும். கீழே தெருவோடு மஹ்மூத் நானாவின் பலசரக்குக் கடையும் அவர் குடியிருப்பும், அவர்தான் வீட்டுக்காரர். பலகைத் தளம் போட்ட மேல்தட்டில் நாங்கள். பக்கத்துக் கருங்கல் படிகளில் ஏறி வர வேண்டும். பெட்டியைச் சுமை தூக்குகிற நாட்டாமிகள் இரண்டு பேர் முனகி முனகி மேலே ஏற்றி வைத்துவிட்டு, "உள்ள என்னங்கய்யா, ஆளா?" என்று கேட்டார்கள். றீற்றா தங்களிடம் தையல் மெசின் கேட்டு எழுதியிருந்தாளாம். அதுதான் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். திறந்த பிறகு நடந்ததை நான் எழுதாமல் விடுகிறேன்.

புத்தகத்தை எழுதியவர் மிகவும் பொறுப்பான மனிதர். பாரத்தைத் தூக்குவதைவிட, தூக்கும்போது அடிபடாமல் இருப்பதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார். நானும் அந்தக் குணமுள்ளவன். ஒரு விதியையும் மீறவில்லை. இனி நான் எழுதப்போகும் சேதங்களில் பெரும்பாலானவை விதிகளைக் கடைப்பிடித்ததால் வந்தவை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். முதல் விதி, முதுகு வளைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழக வேண்டும் என்பது. எங்களிடம் இருக்கிற பெரிய கண்ணாடி அலுமாரிக் கதவில் இருக்கிறது. அலுமாரி இருந்த மூலையில் நிற்க இடமில்லை. ஆகவே அலுமாரியை நடு அறைக்கு இழுத்தேன். அதன் முன்கால் முறிந்து, அலுமாரி என்மேல் சாய்ந்து, நான் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் என் முகத்தையே பார்த்தபடி றீற்றா சந்தையிலிருந்து வரும்வரை நின்றேன். முதுகு நேராகத்தான் இருந்தது. கால் பெருவிரல் வீங்கிப் பதினைந்து நாள் சப்பாத்துப் போட முடியவில்லை. அப்போது இரும்பு இன்னும் பெட்டிக்குள்ளேதான் இருந்தது என்பதால் அந்தச் சேதத்தை இரும்பின் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

அடுத்த விதி மூச்சு. பாரத்தை உயர்த்தும்போது மூச்சை அடக்கக் கூடாது, பல்லிடுக்கால் மெதுவாக வெளியே விட வேண்டும். அடக்கினால் தலை சுற்றி விழுந்துவிடுவோமாம். நான் காலையில் வேலைக்குப் போகுமுன் சின்னப் பாரமாய்க் கோத்து, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, "ஸ்ஸ்ஸ்" என்று ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தெருவில் மகுடிச் சத்தம் கேட்டது. யாரோ வேடிக்கை காட்டுகிறார்கள் என்று நினைத்து, நான் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தேன். மகுடி படியேறி வந்தது. கதவைத் திறந்தால் பாம்பாட்டி ஒருவன், அவனுக்குப் பின்னால் உலக்கையுடன் மஹ்மூத் நானா, அவருக்குப் பின்னால் முக்காட்டைக் கடித்துக்கொண்டு அவர் மனைவி மஸீனா.

"அசையாம நில்லுங்க தம்பி. ஒங்கட ஊட்டுல பாம்பொண்டு ஈக்கி" என்றார் நானா. "நாலு நாளா சீறுது. மஸீனா காதால கேட்டீக்கிறா."

"நானா, அது நான்தான்."

"நீங்களா? நீங்க என்னத்துக்கு சீற்றீங்க?"

"மூச்சு விடுறேன். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

நானா உலக்கையைக் கீழே வைத்தார். ஆனால் பாம்பாட்டிக்கு அது போதவில்லை. வந்த இடத்தில் பாம்பு பிடிக்காமல் போனால் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி, எங்கள் குசினிக்குள் போய், தன் கூடையிலிருந்த பாம்பையே அடுப்படியில் விட்டு, தானே பிடித்து, எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு நாள் றீற்றா குசினிக்குள் போகவில்லை. நாங்கள் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

மூன்றாவது விதிதான் முக்கியம். தலைக்கு மேல் தூக்கும்போது தனியாக இருக்கக் கூடாது. கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். றீற்றாவை நிறுத்தினேன். "இது விழுந்தா நான் பிடிக்கணுமா? நான் கேட்டது தையல் மெசின்" என்று சொன்னாலும், தங்கள் தங்கை கீழ்ப்படிவுள்ளவள், ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கையை நீட்டி நின்றாள். தபசுகாலத்து ஞாயிற்றுக்கிழமை அது. முழுப் பாரத்தையும் கோத்திருந்தேன். முழங்காலிலிருந்து எழுந்து, மார்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் மச்சான். நிறுத்தியதை றீற்றாவும் பார்த்தாள். அந்தச் சமயத்தில் அவள், "என்னங்க, சீனி முடிஞ்சிருச்சு" என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்வது என் பழக்கம். "எவ்வளவு வேணும்?" என்றேன். அதைச் சொல்வதற்கு மூச்சு வேண்டும். அந்த மூச்சு இரும்புக்காக வைத்திருந்த மூச்சு.

பிடி நழுவினால் பின்னால் ஓரடி வைத்துப் பாரத்தை முன்னால் விழவிட வேண்டும் என்பதும் விதி. அப்படியே செய்தேன். எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஒரு பக்கத்துக் குண்டு தளப்பலகையைப் பிளந்து கீழே இறங்கி, கம்பி குறுக்கே மாட்டியதால் அப்படியே நின்றுவிட்டது. கீழே நானா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம். கோப்பைக்குள் தூள் விழுந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு நேரே பலாப்பிஞ்சு மாதிரி ஒரு இரும்புக் குண்டு. அவர் கத்தவில்லை. கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே படியேறி வந்தார்.

"தம்பி, நாங்க கீழ மனிசரு ஈக்கிறோம்" என்றார்.

கீழே இருப்பவர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அத எழுதினவரு ஒத்தத் தட்டு ஊட்டுல ஈக்கிறவரா ஈக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிறகு அந்தக் குண்டைத் தளத்திலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்குவதற்கு விதி எதுவும் போடவில்லை. அவசரத்தில் குனிந்தபடியே இழுத்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. இந்த ஒன்று மட்டும் என் சொந்தத் தவறு. அந்தக் கோலத்தில் நான் நிற்கும்போது கோயில் மூப்பர் பிலவேந்திரன் வந்து சேர்ந்தார்.

"என்ன வலன்ரைன், எதையோ தேடுறீங்களா?"

"இல்லீங்க. நிமிர முடியல."

நான் கதிரையைக் காலால் தள்ளினேன். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து தளத்திலிருந்த ஓட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொல்ல வந்ததச் சொல்லிடுறேன்" என்றார். "இந்த வருஷம் முன்தண்ட பாவிலுக்குக் குடுக்கிறதா பேசியிருக்கோம். ஹந்தானை ஸ்டோர்ல தேயிலப் பெட்டி தூக்குற பையன், நல்ல தோளு. நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. பின்னால மெழுகுதிரி பிடிச்சிக்கிட்டு வாங்க. பாரமிருக்காது."

"சரிங்க" என்றேன். றீற்றா சீனியில்லாத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மூப்பர் குடித்துவிட்டுப் போனார்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது அவருடைய இடது தோளில் தண்டு பதிந்து பதிந்து ஒரு காய்ப்பு இருந்தது. பார்த்தவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் தோளில் அப்படி எதுவும் இல்லை, சட்டை நன்றாக உட்காருகிறது. பாவிலு நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். நான் அன்றோடு இரும்பைத் தொடுவதை விட்டுவிட்டேன். அது கட்டிலுக்கடியில் கிடந்து கூட்டுகிற நேரமெல்லாம் விளக்குமாற்றில் இடிக்கிறது. திருநாள் வேறு கிட்டி வருகிறது. ஆகையால் அனுப்பிவிடுவதென்று முடிவு செய்தேன். புத்தகத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் முத்தமும் ஆசீரும். தேவதாய் தங்கள் குடும்பத்தைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாறாத மைத்துனன்,
சூ. வலன்ரைன்.

பி.கு. அண்ணா, இது றீற்றா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி நேற்று இதை என்னிடம் கொடுத்தார். மழையில் போக முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரும்பைத் தொடுவதை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார் அல்லவா, அது பொய். இடுப்பு நிமிர்ந்த நாளிலிருந்து விடிகிற நேரத்தில் அதைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மண்தரைக்குக் கொண்டுபோய்த் தூக்கிக்கொண்டுதான் இருந்தார், முந்தாநாள் வரைக்கும். சீறுகிற சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. நான் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன். ஏதாவது கேட்டால் பதில் சொல்வார், குண்டு விழும்.

இன்று பூசை முடிந்து வந்த பிறகு, குண்டு விழுந்த ஓட்டையில் அடித்த பலகை ஒட்டு மழை ஈரத்தில் ஊறியிருக்கிறதா என்று பார்க்க மஹ்மூத் நானா மேலே வந்தார். திரும்பிப் போகும்போது மேல்படியிலேயே பாசி வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். கால் ஒரு பக்கமாய்த் திரும்பிக் கிடந்தது. நானாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் அண்ணா. அவர் வந்தால் நாங்கள் கதிரை போடுவதில்லை, நாலு பேர் உட்காருகிற வாங்குதான் போடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூப்பிட்ட ரிக்ஷாக்காரன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, படியேற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மஸீனா அழுகிறாள். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார்.

"தொடாதீங்க தம்பி, ஒங்களுக்கு ஏலா" என்றார் நானா.

"பேசாம கழுத்தக் கட்டிப் பிடிங்க நானா" என்றார் இவர். முழங்காலை மடக்கிக் குந்தி, முதுகை நேராக வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று விட்டுக்கொண்டே எழுந்தார் அண்ணா! எழுந்து ஒவ்வொரு படியாக, காலை ஊன்றிப் பார்த்துப் பார்த்து, இறங்கிக்கொண்டு போனார். நான் கையை நீட்டிக்கொண்டு பின்னால் போனேன். வாயைத் திறக்கவில்லை. கீழே ரிக்ஷாவில் குழந்தையை வைக்கிற மாதிரி வைத்தார். வைத்துவிட்டு, "படிக்கட்டத் தேய்க்கணும்" என்று மட்டும் சொன்னார்.

திருநாளுக்கு எண்ணெய் வாங்க வந்த மூப்பர் கடை வாசலில் போத்தலுடன் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நானாவுக்கு அந்த வலியிலும் அவரைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது.

"மூப்பரே, என்னத் தூக்கின மனிசனுக்கு ஒங்கட சொரூபம் ஒரு பாரமா?"

மூப்பர் வெறும் போத்தலோடு திரும்பிப் போனார். சாயந்தரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்தண்டுக்கு வலது பக்கம் பாவிலு, இடது பக்கம் வலன்ரைன் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று போய்விட்டார். இவர் "சரிங்க" என்றார். பிறகு வெகுநேரம் கோழிக்கூட்டுப் பக்கம் நின்றுவிட்டு, கண் சிவந்து வந்தார். புகை என்றார். அடுப்பு எரியவே இல்லை.

ஆகையால் நீங்கள் மருதானைக்குப் போக வேண்டாம். இரும்பு வரவில்லை அண்ணா. நீங்கள் வாருங்கள்.