கதாநாயகனுக்கு முளைத்த மீசை

சாவதற்குள் தன் பெயரை நாலு பேர் அச்சில் படித்தே ஆகவேண்டும் என்று குமரகுருபரன் முடிவு கட்டிவிட்டார். அதற்கு முன் அது அச்சேறியது ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதிலும் எல்லோரும் முகூர்த்த நேரத்தைத்தான் பார்த்தார்கள்.

வாய்ப்பு மதுரையிலிருந்து வந்தது. அங்கே பழைய சினிமா போஸ்டர்களுக்கு ஒரு கண்காட்சி. நடத்துகிற சித்ரலேகா என்ற பெண்மணி, ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி டவுணுக்கே வந்து குமரகுருபரன் சேர்த்து வைத்திருக்கும் போஸ்டர்களில் ஒன்றைப் பார்ப்பதாக எழுதியிருந்தார். பிடித்துப்போனால் சட்டம் போட்டு மாட்டி, கீழே கொடுத்தவர் பெயரும் அச்சடித்து வைப்பார்களாம்.

போஸ்டர் என்னவோ அருமையானதுதான். மூடிப்போன ஒரு தியேட்டரின் பழைய சாமான் கிட்டங்கியில் கிடைத்தது. குமரகுருபரன் பிறந்த வருஷத்துப் படம். என்ன, கதாநாயகியின் கன்னத்தில் ஈரக்கறை. கதாநாயகனின் மூக்குக்குக் கீழே கரையான் தின்ற ஓட்டை.

"பேனர் எழுதுத எலியேசரைக் கூப்பிட்டு, புதுசாட்டம் ஆக்கிரப் போறேன்" என்றார் மனைவி பிரம்மநாயகியிடம்.

"அதுல கைய வைக்காதிய. பழசு பழசா இருந்தாத்தான் மதிப்பு."

"கிழிஞ்ச வேட்டியோட மாப்பிள்ளைய மணவறைல உக்கார வைப்பாவளாட்டி?"

"எங்க அப்பா உங்க வேட்டியப் பாத்தா பொண்ணு குடுத்தாவ?"

"பின்ன என்னத்தப் பாத்தாவ?"

"அதான் எனக்கும் இன்னும் வெளங்கல."

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற வீட்டில் பிறந்தவளுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

எலியேசர் வந்தார். இருபதடி உயரத்துக்கு முகம் எழுதிப் பழகிய கை. மூன்றடித் தாள் அதற்கு எம்மாத்திரம்? கதாநாயகியின் கன்னம் அம்மன் கொடையில் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்தது. ஓட்டையை அடைத்த இடத்தில் கதாநாயகனுக்கு மீசை முளைத்தது.

"படத்துல அவருக்கு மீசையே கெடையாதே வே!"

"ஓட்டைய மறைக்கணும்லா அண்ணாச்சி. வேண்டாம்னா மச்சம் வைக்கட்டா? எலந்தப்பழம் அளவுக்கு வரும்."

மீசையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சித்ரலேகா வந்தார். குமரகுருபரன் போஸ்டரைப் பெருமையோடு விரித்தார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். மீசை அங்கேயேதான் இருந்தது.

"ஐயோ சார், பெயிண்ட் அடிச்சிட்டீங்களே! கறையும் ஓட்டையுமா இருந்தாலும் அது அந்தக் காலத்துத் தாள். அதுதானே எங்களுக்கு வேணும். இது இப்போ போன வாரத்து போஸ்டர்."

பெயர் போனால் போகட்டும். இத்தனை வருஷம் கரையானுக்கே தாக்குப்பிடித்த தாளைத் தானே கொன்றுவிட்டோமே என்று குமரகுருபரனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

பிரம்மநாயகி பைய எழுந்து உள்ளே போனாள். பழைய சேலையில் சுற்றிய ஒரு சுருளைக் கொண்டுவந்து விரித்தாள். அதே போஸ்டர். ஓரத்தில் கிழிசல், மூலையில் மங்கிய தியேட்டர் முத்திரை. மீசை இல்லை.

"ஏட்டி, இது எங்கன இருந்து வந்துச்சு?"

"நீங்க அன்னைக்குக் கொண்டாந்தது ரெண்டு தாளு. ஈரத்துல ஒண்ணா ஒட்டிக் கெடந்துச்சு. ஒட்டுன அப்பளத்தப் பிய்யாம உரிச்ச கைக்கு இது பெரிய வேலையா? மேல் தாள உங்க பொட்டியில வச்சேன். அடித்தாள நான் வச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டுக்கும் மீசை வந்திருக்கும்லா?"

சித்ரலேகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டையுமே எடுத்துக்கறேன் சார். உங்களுதையும் மாட்டறோம். பேரும் கண்டிப்பா வரும்."

குமரகுருபரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று முழுக்க மனைவியிடம் குரலை உயர்த்தவில்லை. அடுத்த மாதம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு மதுரைக்கு பஸ் ஏறினார்.

வாசலுக்கு நேரே முதல் சட்டம். கீழே, 'பாதுகாத்தவர்: திருமதி பிரம்மநாயகி'. கூட்டம் அதைவிட அடுத்த சட்டத்தின் முன்னால்தான் நின்றது. குமரகுருபரன் முண்டியடித்து முன்னே போனார். மீசைக்காரருக்குக் கீழே, கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது:

'பழைய போஸ்டர்களை இப்படிச் செய்யாதீர்கள். செய்து காட்டியவர்: திரு. குமரகுருபரன், திருநெல்வேலி.'