மாமனார் துப்பாக்கியை நான் குளிப்பாட்டிய கதை

படித்தவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது கெடும். நன்றாகப் படித்தவனிடம் கொடுத்தால் திருத்தவே முடியாதபடி கெடும். யாரையும் குறை சொல்லவில்லை. அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தி, வருஷா வருஷம் மூன்று கண்ணாடிக் குழாயில் மூன்று ஆணியைப் போட்டு, எது சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று பிள்ளைகளை மிரட்டிய என்னைத்தான் சொல்கிறேன். (விடை: உப்புத் தண்ணீரில் கிடக்கும் ஆணி. தெரியாதவனுக்குப் பிரம்படி.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், கடும் கோடையில், ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் என் மாமனார் காலமானார். கடலைக்கொல்லையிலிருந்து வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பு வருவதற்குள் போய்விட்டார். போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று கேமராவைக் கண்டாலே ஓடிய மனுஷர். அதனால் வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. மிச்சமிருந்தது, காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. இருபது வருஷம் அவர் கன்னம் பட்டுப்பட்டு அதன் மரக்கட்டை ஓரிடத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கும். அவருடைய செல்ல மகளான என் மனைவி சிவகாமி அந்த இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“அப்பான்னு தொட்டுப் பாக்க இது ஒண்ணுதாங்க இருக்கு. இது வீட்ட விட்டுப் போயிரக் கூடாது.”

பாடை கிளம்பும்போது அவளுடைய அண்ணன் ராமையா அந்தத் துப்பாக்கியால்தான் வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். சண்டைக் காலத்தில் பர்மா வரை போய்வந்த பட்டாளத்துக்காரர் அவர். கொள்ளி வைத்தவர் பதினாறு கழியும்வரை ஆயுதம் தொடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், மொட்டைத் தலையோடு உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“சுட்டது பழைய காலத்துத் தோட்டா, மாப்ள. அதோட அடியில இருக்குற கேப்பு வெடிச்சா குழலுக்குள்ள உப்பு படிஞ்சிரும். எண்ணெய்க்கு அது போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி உப்பக் கழுவிட்டு, நல்லாத் தொடச்சு, அப்பறமா எண்ணெய் போட்டு வைங்க. பதினாறு முடிஞ்சதும் தாலுகா ஆபீசுல காட்டி லைசென்ச எம் பேருக்கு மாத்தணும். துப்பாக்கி சரியா இருந்தாத்தான் மாத்துவாங்க.”

“எனக்கா சொல்றீங்க மச்சான்?” என்றேன். வாய்க்கொழுப்பு. அதோடு விட்டேனா? அப்பனை எரித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குத் துருவைப் பற்றிப் பத்து நிமிஷம் பாடம் நடத்தினேன். பாவம், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் தண்ணீர் இரண்டு வகை. குடிப்பதற்கு ஊருணித் தண்ணீர். பெண்கள் ஒரு மைல் நடந்து, காத்துக் கிடந்து எடுத்து வருவது. மற்ற எல்லாவற்றுக்கும் கொல்லைக் கிணறு. அது வாயில் வைத்தால் கரிக்கும். கல்யாணமான புதிதில் நான் விவரம் தெரியாமல் ஊருணித் தண்ணீரில் கால் கழுவிவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கழுவுவது என்றாலே எனக்குக் கிணறுதான். அதிலும் இது, இழவுக்கு வந்த கூட்டத்துக்குத் தண்ணீர் பற்றாமல் மாமியார் அழுகைக்கு நடுவிலும் குடத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். துப்பாக்கிக்கு ஊற்ற ஊருணித் தண்ணீர் கேட்பேனா?

கிணற்றில் இறைத்துத் தளதளவென்று கொதிக்க வைத்தேன். புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றினேன். ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை. விசைப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. கம்பியில் துணி சுற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து, மேலே எண்ணெய் பூசி, மாமனாருடைய வேட்டியிலேயே சுற்றிப் பரணில் வைத்தேன். உப்பைப் போக்க உப்பையே ஊற்றுகிறோமே என்று இந்த மண்டையில் உதிக்கவே இல்லை. சிவகாமி வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்து, “நல்லவேளை, நீங்க இருந்தீங்க” என்றாள். அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

பதினேழாம் நாள் ராமையா அதை இறக்கிக் குழலுக்குள் துணி விட்டு இழுத்தார். வெற்றிலை எச்சில் நிறத்தில் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சொறி பிடித்த மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. விசை அசையவே இல்லை.

“எந்தத் தண்ணியில கழுவுனீங்க?”

“கிணத்துத் தண்ணியிலதான்.”

துணியை நாலாக மடித்துக் கீழே வைத்தார். பிறகு, “நீங்க வாத்தியார்தான?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

தாலுகா ஆபீசில் குழலுக்குள் எட்டிப் பார்த்த அதிகாரி, இதைச் சுட்டால் சுடுகிறவன் மூஞ்சிதான் போகும் என்று சொல்லி, உதவாது என்று எழுதி அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார். கூட வந்திருந்த சிவகாமி கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தேய்ந்த இடத்தை ஒரு தடவை தடவினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டில், ரசத்தில் உப்பு இல்லை என்றேன்.

“உப்புன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், நான் எந்த வேலையில் கை வைத்தாலும் சிவகாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்: “நாஞ் செத்தா என்னையக் குளிப்பாட்ட மட்டும் இவுகள விட்டுராதீங்க. துருப்பிடிச்சுப் போயிருவேன்.” வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன தை மாதம் அவள் போய்விட்டாள். குளிப்பாட்டும்போது முறைக்கு நானும் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும் என்றார்கள். சொம்பை வாங்கி, அதிலிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

“நல்ல தண்ணிதாம்ப்பா. நான் குடிச்சுப் பாத்துட்டேன். ஊத்துங்க.”